பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடுறது எப்படி: ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்குறவங்களுக்கு

மெதுவா ஓடுற பழைய லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாம சிப்புலயே ஃபைல சேமிக்குற டிஸ்க்) போடுறதப் பத்தித்தான் சொல்லப் போறேன். மொதல்ல ஒரு வேலை பண்ணுங்க. லேப்டாப்ப ஆன் பண்ணி டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும், அதுல பெர்ஃபார்மன்ஸ்ங்குற பக்கத்துக்குப் போய் டிஸ்க்க க்ளிக் பண்ணிட்டு ஒரு டீ குடிக்குற நேரம் சும்மா பாத்துட்டு இருங்க. நீங்க ஒண்ணுமே தொறக்கல, ஆனா டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குது, கீழ ரீட் ஸ்பீடு பாத்தா 1 எம்பி, 2 எம்பினு ஊர்ந்துட்டு இருக்கு, ரெஸ்பான்ஸ் டைம் 300, 400 மில்லிசெகண்டுனு காட்டுதுன்னா வியாதி எங்கனு தெரிஞ்சுபோச்சு. ப்ராசசர் பக்கம் பாருங்க, அது 10 சதவீதத்துல வேலையில்லாம ஒக்காந்துருக்கும். வைரஸ்னு நெனச்சு ஆன்டிவைரஸ் மேல ஆன்டிவைரஸ் போடுறதும், க்ளீனர் பூஸ்டர்னு கண்டதையும் எறக்குறதும் இந்த எடத்துல ஒண்ணுக்கும் ஆகாது, இன்னும் மோசமாத்தான் ஆகும், ஏன்னா அதுங்களும் அதே டிஸ்க்கத்தான் போட்டுச் சுரண்டும்.

ஏன் அப்படின்னா, பழைய லேப்டாப்ல இருக்குற ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 5400 ஆர்பிஎம். நிமிஷத்துக்கு 5400 சுத்துன்னா செகண்டுக்கு 90 சுத்து, ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்டு. வேணுங்குற ஃபைல் இருக்குற எடத்துக்கு முள்ளு மாதிரி இருக்குற ஹெட் நகந்து போகணும், அப்புறம் அந்த எடம் சுத்தி வர்ற வரைக்கும் காத்துருக்கணும், எல்லாம் சேத்து ஒரு தடவைக்கு 15 மில்லிசெகண்டுக்கு மேல ஆகிடும். அப்ப செகண்டுக்கு 60, 70 சின்னச் சின்ன ஃபைலத்தான் தேடி எடுக்க முடியும். விண்டோஸ் பூட் ஆகும்போது கேக்குறது ஆயிரக்கணக்குல. எஸ்எஸ்டில சுத்துறதும் கெடையாது நகர்றதும் கெடையாது, எல்லாம் சிப்புதான், எந்த எடத்துல கேட்டாலும் 0.1 மில்லிசெகண்டுக்குள்ள கைல குடுத்துரும். பெட்டில போட்டுருக்குற 550 எம்பி ஸ்பீடு எல்லாம் பெரிய சினிமா ஃபைல் காப்பி பண்ணும்போது தெரியுறதுதான், தெனப்படி நம்ம உணர்ற வேகம் இந்தத் தேடுற நேரம் கொறையுறதாலதான். அதனாலதான் 2010, 2011 மெஷின்ல டிஸ்க்க சொருகுற பழைய சாட்டா 2 போர்ட் இருந்து அதுல பாதி வேகம்தான் வரும்னாலும் எஸ்எஸ்டி போட்டா அதே அளவு வித்தியாசம் தெரியும். "அண்ணே என்னோடது ரொம்பப் பழசு, அதுக்கெல்லாம் போடலாமா"னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில்.

ஆனா எல்லாத்துக்கும் போடச் சொல்லல. 2 ஜிபி ராம் வெச்ச குட்டி நெட்புக்குன்னா விட்டுருங்க, காசு தண்டம். இஎம்எம்சினு 32 ஜிபி, 64 ஜிபி போர்டுலயே ஒட்டி வந்த சீப் லேப்டாப் சிலதுல கழட்டி மாத்துறதுக்கு எடமே இருக்காது. கோர் ஐ3, ஐ5ல ரெண்டாவது தலைமுறைலருந்து, 4 ஜிபி ராம் இருந்தா தாராளமா போடலாம். 2011லருந்து ஸ்கூல்ல, காலேஜ்ல கவர்மெண்ட் குடுத்த லேப்டாப் நெறைய வீட்டுல பரண்ல கெடக்குது பாருங்க, அதுல பாதிக்கு மேல பேட்டரி போயிருக்கும், ஆனா சார்ஜர்ல போட்டு எஸ்எஸ்டி மாத்தி குடுத்தா தேயிலைக் கணக்கு எழுதவும், ஹோம்ஸ்டே புக்கிங் பாக்கவும், பசங்க ப்ராஜெக்ட் டைப் பண்ணவும் அது போதும். முடிஞ்சா ராமையும் 8 ஜிபி ஆக்கிருங்க. நாலாவது தலைமுறை இன்டெல் லேப்டாப்புன்னா டிடிஆர்3எல்னு கேட்டு வாங்கணும், எல் இல்லாத சாதா டிடிஆர்3 அதுல வேலை செய்யாது.

வாங்குறதுக்கு முன்னாடி உங்க லேப்டாப்ல எது சேரும்னு பாருங்க. பழசுன்னா 100க்கு 90 பேருக்கு 2.5 இன்ச் சாட்டாதான், பெல்ட் பர்ஸ் சைஸ்ல தட்டையா இருக்கும். கடைல எம்.2 னு ஒரு சூயிங்கம் பட்டை மாதிரி காட்டுவாங்க, வெலையும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கும், ஆசைப்பட்டு வாங்கிராதீங்க. எம்.2 ஸ்லாட் இருக்குற மெஷின்லயே சிலதுல சாட்டா மட்டும்தான் ஓடும், என்விஎம்ஈங்குற இன்னொரு வகையப் போட்டா கண்டுக்காது, பாக்க ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மாடல் நம்பர லேப்டாப்புக்கு அடில பாத்து அதோட சர்வீஸ் மேனுவல தேடுனீங்கன்னா படத்தோட போட்டுருப்பாங்க. இன்னொண்ணு, எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய ஹார்ட் டிஸ்க் பலது 9.5 மில்லிமீட்டர். எடம் லூசா இருந்தா ஆடாம இருக்க ஒரு ப்ளாஸ்டிக் ஃப்ரேம் கூட வரும், வரலைன்னா அட்டைய வெட்டி வெச்சாலும் போதும், சூடு பெருசா வராது.

எவ்ளோ ஜிபி? 240, 256 போதும் கணக்கு வழக்குக்கு. போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் வெச்சுருக்கீங்கன்னா 500. 120 ஜிபி வேண்டாம், விண்டோஸ் ரெண்டு அப்டேட் போட்டா மூச்சு முட்டும். பிராண்டுல க்ருஷியல் பிஎக்ஸ்500, சாம்சங் 870 ஈவோ இந்த மாதிரி தெரிஞ்ச பேரா எடுங்க. டிபிடபிள்யூனு ஒரு கணக்கு போட்டுருப்பாங்க, ஆயுசுக்கு எவ்ளோ டெராபைட் எழுதலாம்னு. பிஎக்ஸ்500 240 ஜிபிக்கு 80 டெராபைட். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுனீங்கன்னாலே, நம்ம யாரும் அவ்ளோ எழுத மாட்டோம், 4000 நாள் வரும், கிட்டத்தட்ட 11 வருஷம். அதனால எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சுரும்னு பயப்படுறவங்க பயப்படவே வேண்டாம், லேப்டாப் கீலு அதுக்கு முன்னாடி ஒடஞ்சுரும். வெல வருஷத்துக்கு வருஷம் ஏறி எறங்குது, அதனால நம்பர் போடல, ஆனா 2 டெராபைட் ரெண்டாயிரம் ரூபாய்க்குக் கீழனு எங்கயாவது பாத்தீங்கன்னா அது டூப்ளிகேட், உள்ள சின்ன மெமரி கார்டு வெச்சு பெருசுனு பொய் சொல்லும். எச்2டெஸ்ட்டபிள்யூங்குற சின்ன ப்ரோக்ராம் ஓட்டுனா குட்டு வெளிப்படும். ஊட்டி, குன்னூர் கடைலயே கெடைக்குது, கீழ கோயமுத்தூர் போறவங்க காந்திபுரம் பக்கம் வெசாரிச்சு வாங்கலாம், எங்க வாங்குனாலும் பில்லு வாங்கிக்கோங்க, 3 வருஷம் 5 வருஷம் வாரண்டி எல்லாம் பில்லு இருந்தாத்தான். கூடவே ஒரு யுஎஸ்பி 3 சாட்டா கேபிளோ கேஸோ வாங்கிருங்க, அது இல்லாம பழைய டிஸ்க்க அப்புறம் வெளில வெச்சு உபயோகிக்க முடியாது.

இப்ப மலை விஷயத்துக்கு வர்றேன். "மேல காத்து கம்மி, அதான் ஹார்ட் டிஸ்க் போகுது"னு சிலர் சொல்வாங்க. முழுசா தப்புனு சொல்ல முடியாது, ஹார்ட் டிஸ்க்ல ஹெட்டு தட்டுல ஒட்டாம மெதக்குறது காத்தோட தயவுலதான், அதனாலதான் கம்பெனிக்காரங்க சுமாரா 3000 மீட்டர் ஒசரம் வரைக்கும்னு எல்லை போட்டு வெச்சுருக்காங்க. ஆனா தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான், ஊட்டி டவுன் 2240 கிட்ட. அதுக்குள்ளதான் இருக்கோம். நம்ம ஊருல பிரச்சனை ஒசரம் இல்ல, ஈரம். ஜூன்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் மழையும் மிஸ்ட்டும், செவுத்துல பூஞ்சை பூக்குற வீட்டுல லேப்டாப் மட்டும் காஞ்சா இருக்கும்? மாசக்கணக்குல தொறக்காம வெச்ச மெஷின கழட்டுனா ஸ்க்ரூ துருப்பிடிச்சு, ராம் ஸ்லாட்டுல பச்சையா படிஞ்சு இருக்கும். எஸ்எஸ்டிக்கும் கனெக்டர் இருக்கு, அதனால அதுக்கும் ஈரம் ஆகாதுதான். மழைக் காலத்துல வாரத்துக்கு ரெண்டு தடவையாவது ஒரு மணி நேரம் ஆன் பண்ணி வைங்க, அந்தச் சூடே ஈரத்த வெரட்டிரும்.

இன்னொரு விஷயம் இங்க இருக்குறவங்களுக்கு மட்டும்: பனி விழுற ஜனவரி காலைல லேப்டாப்ப பைல போட்டு பஸ்ஸுல மேட்டுப்பாளையம் எறங்குனீங்கன்னா, மெஷின் ஜில்லுனு இருக்கும், கீழ காத்து வெக்கையா ஈரமா இருக்கும், உள்ள வேர்த்துரும். எறங்குன ஒடனே ஆன் பண்ணாம பைக்குள்ளயே வெச்சு ஒரு மணி நேரம் விட்டுட்டு தொறங்க. மேல ஏறி வரும்போது அவ்ளோ தொல்லை இல்ல. ஹார்ட் டிஸ்க்கா இருந்தா இந்த மலைப் பாதை ஹேர்பின்ல ஓடிக்கிட்டே வந்தா இன்னும் ஆபத்து, ஸ்லீப்ல போட்டேன்னு நெனச்சு சிலர் ஆன்லயே பைல வெச்சுருப்பாங்க, தட்டு சுத்திட்டே இருக்கும். எஸ்எஸ்டிக்கு அந்த ஆட்டம் ஒண்ணும் பண்ணாது.

சரி, பொருள் வந்தாச்சு. ஸ்க்ரூ டிரைவர எடுக்காதீங்க இன்னும். மொதல்ல பழைய டிஸ்க்கோட நெலம பாக்கணும். க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோனு ஃப்ரீ ப்ரோக்ராம் இருக்கு, ஓட்டுனா நீலமா குட் னு வந்தா சந்தோஷம், மஞ்சளா காஷன்னு வந்தா கீழ இருக்குற வரிசைல சி5னு ஒரு வரி பாருங்க, படிக்க முடியாம நிக்குற செக்டர் (டிஸ்க்கோட சின்னச் சின்னப் பகுதி) எத்தனைனு அது சொல்லும். அது பூஜ்யம் இல்லைன்னா முழு டிஸ்க்கயும் க்ளோன் பண்ண, அதாவது அப்படியே நகல் எடுக்க, ஒக்காராதீங்க, மணிக்கணக்குல ஓடி பாதில டிஸ்க் மண்டைய போட்டுரும். எது முக்கியமோ அதை மட்டும் மொதல்ல பென்டிரைவ்லயோ வெளி டிஸ்க்லயோ எடுத்துருங்க: டாலி (கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்) டேட்டா ஃபோல்டர், எக்செல் ஷீட்டு, பட்டா சிட்டா ஸ்கேன், புள்ளைங்க சர்டிஃபிகேட், போட்டோ. டாலி வெச்சுருக்கவங்க டாலிக்குள்ளயே போய் பேக்கப் எடுங்க, ஃபோல்டரையும் தனியா காப்பி பண்ணுங்க. டக் டக்னு சத்தம் வர்ற டிஸ்க்கா இருந்தா ஒடனே ஆஃப் பண்ணிட்டு டேட்டா ரெகவரி ஆளுகிட்ட குடுக்குறதுதான் ஒரே வழி. கரெண்டு விஷயமும் இருக்கு, காத்து மழைல மரம் லைன் மேல விழுந்தா மணிக்கணக்குல கரெண்டு வராது, பேட்டரி செத்த லேப்டாப்ல காப்பி ஓடிட்டு இருக்கும்போது அப்படி ஆச்சுன்னா வம்பு. யுபிஎஸ்ல போட்டு பண்ணுங்க, இல்லைன்னா வெயில் அடிக்குற நாளா பாத்து ஒக்காருங்க.

க்ளோனா, புதுசா விண்டோஸ் போடுறதா? என்னக் கேட்டா புதுசா போடுறதுதான். பல வருஷக் குப்பை, தேவையில்லாத டூல்பாரு, பாதி அழிச்ச ஆன்டிவைரஸ் எல்லாத்தையும் அப்படியே புது வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறதுல என்ன இருக்கு. லைசென்ஸ் போயிருமோனு பயம் வேண்டாம், விண்டோஸ் 8லருந்து கம்பெனிலயே போட்டு வந்த மெஷினுக்கு லைசென்ஸ் கீ மதர்போர்டுக்குள்ளயே இருக்கு, 10 ஏற்கனவே ஆக்டிவேட் ஆயிருந்தா அதுவும் மதர்போர்ட வெச்சுத்தான் கணக்கு, டிஸ்க் மாத்துனா நெட் கெடச்சதும் தானா ஆக்டிவேட் ஆகிக்கும். 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு, மைக்ரோசாஃப்ட் சைட்ல மீடியா கிரியேஷன் டூல், அவ்ளோதான். டவுன்லோடு சில ஜிபி வரும், எஸ்டேட் பக்கம் ஒரு கோடு சிக்னல்ல அதுக்கு ஒக்காந்தா விடிஞ்சுரும், டவுன்ல ஃபைபர் இருக்குற சொந்தக்காரங்க வீட்டுல பென்டிரைவ ரெடி பண்ணிட்டு வந்துருங்க.

எந்த விண்டோஸுங்குறதுல கொஞ்சம் யோசிக்கணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. 11 போடணும்னா இன்டெல்ல எட்டாவது தலைமுறையும் டிபிஎம் 2ங்குற பாதுகாப்பு சிப்பும் கேக்குது, நம்ம பேசுற மெஷின் எதுவும் அதுல பாஸாகாது. குறுக்கு வழில போடலாம்தான், ஆனா பெரிய அப்டேட் வரும்போது மறுபடி மல்லுக்கட்டணும். டாலி மாதிரி விண்டோஸ்லயே ஓடுற சாஃப்ட்வேர் இல்லாம வெறும் ப்ரவுசர், லிப்ரே ஆஃபீஸ், யூடியூப்னு இருக்குறவங்க விண்டோஸுக்குப் பதிலா ஃப்ரீயா கெடைக்குற லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க. பென்டிரைவ்லருந்து இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம், ப்ரிண்டர் வைஃபை எல்லாம் எடுக்குதானு சோதிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணலாம். தமிழ் டைப்பிங்கும் அதுல நல்லாவே வருது.

க்ளோன்தான் வேணும், ஏன்னா ஏதோ ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேர் இருக்கு, அதோட சிடி இல்ல, போட்டுக் குடுத்த ஆளும் ஊருல இல்லன்னா, சரி, பண்ணலாம். எஸ்எஸ்டிய யுஎஸ்பி கேபிள்ல சொருகி, எஸ்எஸ்டி கம்பெனியே குடுக்குற மாத்துற ப்ரோக்ராம மொதல்ல பாருங்க, சாம்சங், க்ருஷியல் ரெண்டுக்கும் இருக்கு. பழைய டிஸ்க் 500 ஜிபியா இருந்தாலும் பரவால்ல, அதுல உபயோகிச்சது எஸ்எஸ்டிய விட கம்மியா இருந்தா அதுவே சுருக்கிப் போட்டுரும். க்ளோன்ஜில்லாங்குற ஃப்ரீ ப்ரோக்ராம்ல மட்டும் அது நடக்காது, அது சும்மா விட்டா சின்ன டிஸ்க்க ஏத்துக்காது. முடிஞ்சதும் பழைய டிஸ்க்கையும் புதுசையும் ஒண்ணாப் போட்டு பூட் பண்ணாதீங்க, ரெண்டுக்கும் ஒரே அடையாளம் இருக்கும், விண்டோஸ் கொழம்பிரும். மொத பூட்டு எஸ்எஸ்டி மட்டும்தான்.

இப்ப கழட்டலாம். சார்ஜர எடுத்துருங்க, பேட்டரி வெளில கழட்டுற மாதிரி இருந்தா ரெண்டு லாக்கையும் நகத்தி எடுத்துருங்க, அப்புறம் பவர் பட்டன 15 செகண்டு அமுக்கிப் புடிங்க, உள்ள மிச்சம் இருக்குற கரெண்டு போயிரும். நம்ம ஊருக்குனு ஒரு எச்சரிக்கை: ஸ்வெட்டர், கம்பளி சால்வை போத்திக்கிட்டு இந்த வேலை பண்ணாதீங்க. ஜனவரி, பிப்ரவரில காத்து காஞ்சு இருக்கும்போது ஸ்வெட்டர கழட்டுனா சடசடனு பொறி பறக்கும்ல, அந்த ஸ்டேட்டிக் ஒரு சிப்ப காலி பண்ணப் போதும். காட்டன் சட்டையோட ஒக்காருங்க, குளுருதுன்னா ரூம சூடு பண்ணிட்டு ஒக்காருங்க, கார்பெட் மேல வேண்டாம், தொடுறதுக்கு முன்னாடி தண்ணிக் குழாய் மாதிரி ஏதாவது இரும்ப ஒரு தடவ தொட்டுக்கோங்க.

பழைய மாடல்ல பல லேப்டாப்புக்கு அடில ஒரு சின்ன மூடி இருக்கும், ரெண்டு ஸ்க்ரூ எடுத்தா டிஸ்க்கும் ராமும் தெரியும், அஞ்சு நிமிஷ வேலை. மூடி இல்லாத மாடலுக்கு அடித் தட்டு முழுசா வரணும். அதுல ஸ்க்ரூ எல்லாம் எடுத்தாச்சு, ஆனா தட்டு நகர மாட்டேங்குதுன்னா நெம்பாதீங்க, பின்னாடி ரப்பர் பாதத்துக்கு அடில ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சுருக்கும், டிவிடி டிரைவ உருவுனா அந்த எடத்துக்குள்ள இன்னும் ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் கெடையாது. ஒரு பேப்பர்ல லேப்டாப் படம் மாதிரி கட்டம் போட்டு எந்த எடத்துல எடுத்தீங்களோ அங்கயே வெச்சுட்டு வாங்க, நீள ஸ்க்ரூவ குட்ட எடத்துல முடுக்குனா மேல கீபோர்டு பக்கம் முட்டிக்கிட்டு வரும். டிஸ்க்க மேல தூக்கக் கூடாது, கனெக்டருக்கு எதிர்ப் பக்கமா நேரா இழுக்கணும். சுத்தி இருக்குற தகர ஃப்ரேமக் கழட்டி எஸ்எஸ்டிக்கு மாட்டுங்க, ஓட்டையெல்லாம் ஒரே அளவுதான். நேரா வெச்சு தள்ளுங்க, ஒரு சின்ன அழுத்தத்தோட போய் ஒக்காரும், அப்படி ஒக்காரலைன்னா திருப்பிப் போட்டுருக்கீங்க. தொறந்தது தொறந்தாச்சு, ஃபேன்ல அடைச்சுருக்குற பஞ்சையும் எடுத்துருங்க, கம்பளி நூலு நம்ம ஊரு லேப்டாப்ல தனியா ஒரு அடுக்கே இருக்கும்.

டெஸ்க்டாப்புக்கு இவ்ளோ கூட இல்ல. சாட்டா கேபிள் ஒண்ணு, எஸ்எம்பிஎஸ்லருந்து (உள்ள இருக்குற பவர் சப்ளை பெட்டி) வர்ற சாட்டா பவர் ஒண்ணு. எடம் இல்லைன்னா ரெட்டைப் பக்க டேப்ல ஒட்டிக்கூட விடலாம், எந்தப் பக்கம் படுத்தாலும் அதுக்குக் கவலையில்ல. பழைய எஸ்எம்பிஎஸ்ல சாட்டா பவர் இல்லாம நாலு முள்ளு மோலெக்ஸ் மட்டும் இருந்தா மாத்துற வயர் விக்குது, அதுல அச்சுல ஊத்துன மாதிரி ஒரே ப்ளாஸ்டிக் கட்டியா இருக்குறத வாங்காதீங்க, உள்ள ஷார்ட் ஆகி எரியுறது உண்டு. வயரு ஒவ்வொண்ணா சொருகி வர்ற மாதிரி இருக்குறத எடுங்க.

ஆன் பண்ண ஒடனே, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற பயாஸ்ங்குற செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போங்க, எஃப்2வோ டெலீட்டோ எஃப்10ஓ, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாட்டா மோடு (கம்ப்யூட்டர் டிஸ்க்கோட பேசுற முறை) ஏஎச்சிஐனு இருக்கானு பாருங்க. ஐடிஈனு இருந்து புதுசா விண்டோஸ் போடப் போறீங்கன்னா இப்பவே மாத்திருங்க. க்ளோன் பண்ணவங்க நேரா மாத்துனா நீலத் திரை வந்து நிக்கும், அதுக்கு முன்னாடி சிஸ்டம் கான்ஃபிகரேஷன்ல சேஃப் பூட் டிக் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணி, பயாஸ்ல மாத்தி, சேஃப் மோடுக்குள்ள ஒரு தடவ போயிட்டு, டிக்க எடுத்துட்டு வெளில வரணும், விண்டோஸ் 8, 10ல இது வேலை செய்யும்.

ஓட ஆரம்பிச்சாச்சா, அப்புறம் பண்றதுக்கு ரொம்ப ஒண்ணும் இல்ல. ஸ்டார்ட்ல டிஃப்ராக்மென்ட்னு தேடுனா ஒரு ஜன்னல் வரும், அதுல சி டிரைவ் சாலிட் ஸ்டேட் டிரைவ்னு காட்டுதா, ஷெட்யூல் ஆன்ல இருக்கானு மட்டும் பாருங்க. இருந்துச்சுன்னா அழிச்ச ஃபைலோட எடத்த எஸ்எஸ்டிக்குச் சொல்லி சுத்தம் பண்ண வெக்குற ட்ரிம்ங்குற வேலைய விண்டோஸே பாத்துக்கும். பேஜ் ஃபைல ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்து, சர்ச் இன்டெக்ஸ நிறுத்து, டெம்ப் ஃபோல்டர நகத்துனு வீடியோல அடுக்குவாங்க, எல்லாத்தையும் விட்டுருங்க, வேகத்துக்காக காசு குடுத்து வாங்கிட்டு வேகம் வேணுங்குற ஃபைலத் தூக்கி மெதுவா ஓடுறதுல போட்டா என்ன ப்ரயோஜனம். மொத்தத்துல 15 சதவீதம் காலியா விட்டு வைங்க, நெரம்பி வழிஞ்சா எஸ்எஸ்டியும் சொணங்கும்.

பழைய டிஸ்க்க ஒரு மாசத்துக்கு அழிக்காதீங்க, எதாவது விட்டுப்போயிருந்தா அப்பத்தான் தெரியவரும். அப்புறம் ரெண்டு வழி. டிவிடி டிரைவ் யாருக்கும் வேண்டாதது, அந்த எடத்துல கேடினு ஒரு தட்டு போட்டு ஹார்ட் டிஸ்க்க அதுல வெக்கலாம், 9.5, 12.7னு ரெண்டு தடிமன்ல வரும், அளந்துட்டு வாங்குங்க. எஸ்எஸ்டி எப்பவும் மெயின் எடத்துலதான், சில மாடல்ல டிவிடி போர்ட் வேகம் கம்மி. இல்லைன்னா யுஎஸ்பி கேஸ்ல போட்டு பேக்கப்புக்கு வைங்க, நான் சொல்றது இதத்தான். ஏன்னா ஹார்ட் டிஸ்க் போறதுக்கு முன்னாடி சத்தம் போடும், சொணங்கும், எஸ்எஸ்டி பல சமயம் நேத்து ஓடுச்சு இன்னைக்கு இல்லனு போயிரும், ட்ரிம் ஓடுன எஸ்எஸ்டில அழிச்ச ஃபைல எந்தக் கடைக்காரராலயும் மீட்டுக் குடுக்க முடியாது. மாசக் கடைசில தேயிலை லீஃப் கணக்கு முடிக்குற அன்னைக்கு ஒரு காப்பி எடுத்துட்டு, டிஸ்க்க காத்துப்போகாத டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு மூடி வைங்க. பாக்கெட்டு நெறம் மாறுறதா வாங்குனா ஈரம் குடிச்சது கண்ணுக்குத் தெரியும், மாத்திக்கலாம்.

யாருக்காவது டிஸ்க்க விக்கப் போறீங்கன்னா க்விக் ஃபார்மேட் பத்தாது, அந்த டிக்க எடுத்துட்டு முழு ஃபார்மேட் குடுங்க, மணிக்கணக்குல ஓடும், ராத்திரி போட்டுட்டு படுத்துக்கோங்க.